கப்பல் சீட்டும் குடும்பக் கணக்கும்

தீபாவளி விடுமுறை என்றால் ஏரவாடாத் தமிழர்களுக்கு முன்பெல்லாம் ஒரே திசைதான். சென்னைக்கோ, சேலத்துக்கோ, நெல்லைக்கோ ரயிலில் இடம் கிடைத்ததா, காத்திருப்புப் பட்டியலா என்ற கவலை இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடும். ஊர் போய்ச் சேர்ந்து, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து, உறவினர் வீடுகளில் தலைகாட்டிவிட்டுத் திரும்பினால் விடுமுறை தீர்ந்துவிடும்.

இப்போது இன்னொரு திசையும் திறந்திருக்கிறது. அது மேற்கே, மும்பைத் துறைமுகத்தை நோக்கியது. கப்பலேறிக் கோவாவுக்கோ லட்சத்தீவுக்கோ போய், மூன்று நான்கு நாளில் அதே கப்பலில் திரும்பி வருவது. 2021 செப்டம்பரில் 'கார்டிலியா' நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2022 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியபோது தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 2024 செப்டம்பரில் மத்திய அரசு 'குரூஸ் பாரத்' என்ற திட்டத்தை மும்பையில் தொடங்கியது. 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் தொகையை இரட்டிப்பாக்குவது அதன் நோக்கம்.

ஆக, இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் காலம் போய்விட்டது. நடுத்தரக் குடும்பங்களும் கணக்குப் போடத் தொடங்கிவிட்டன. கணக்குச் சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. கடலுக்குப் போகிறவர்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

ஐந்து பேர், எத்தனை அறை?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கிறது. அதை ஐந்தால் பெருக்கி, போனஸ் பணத்தோடு ஒப்பிட்டு, போய் வரலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

முதல் வியப்பு இங்கேயே காத்திருக்கிறது. விளம்பரத் தொகை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்குவதற்கான ஆள்வீதக் கட்டணம். சாதாரண அறையில் மூவர் அல்லது நால்வர்தான் தங்க முடியும். ஐந்தாவது ஆளுக்கு இன்னொரு அறை வேண்டும். மூன்றாவது, நான்காவது படுக்கைகள் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல் படுக்கைகள். ஏணி வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள பாட்டி அதில் ஏற முடியாது. மிகக் குறைந்த கட்டணம் என்பது சன்னல் இல்லாத உள்ளறைக்கு உரியது. விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்றுதான். கடலைப் பார்க்கப் போன குடும்பம் கடல் தெரியாத அறையில் தூங்கி எழுகிறது.

இரண்டாவது வியப்பு கூட்டல் கணக்கு. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் சேவைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேரும். கப்பலில் ரொக்கம் புழங்குவதில்லை. ஏறும்போது தரும் அட்டையைக் காட்டினால் போதும், எதையும் வாங்கலாம். பாட்டிலில் அடைத்த குளிர்பானம், தனி உணவகத்துச் சாப்பாடு, பிள்ளைகளின் விளையாட்டு, புகைப்படம், கரையில் ஊர் சுற்றிக் காட்டும் வண்டி எல்லாம் அந்த அட்டையில் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் பில் வரும்போதுதான் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆனால் அளவையே மறைத்து வைத்தால் எப்படி அளப்பது? முதலில் சிறு தொகையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும் கட்டத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது முறையற்ற வணிகம் என்று, 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் சொல்கின்றன. அதில் தடுக்கப்பட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. விதி இருக்கிறது, கேட்பவர்தான் குறைவு. வரி உட்பட எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்ற ஒரே ஒரு எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும். குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கப்பல் காத்திராது

ஏரவாடாவிலிருந்து மும்பைத் துறைமுகம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் மூன்று மணி நேரம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். காட்டில் லாரி ஒன்று நின்றுபோனால் அந்தக் கணக்கு தவிடுபொடி. ரயில் தவறினால் அடுத்த ரயில் உண்டு. கப்பல் தவறினால் அந்தப் பணம் போனதுதான். புறப்படும் நேரம் வேறு, வாசல் மூடும் நேரம் வேறு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. காலையில் புனேயில் கிளம்பும் டெக்கான் குவீன் நண்பகலுக்கு முன்பே சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் கொண்டுவிடும். பல்லார்ட் பியர் அங்கிருந்து கூப்பிடு தூரம். சொந்தக் காரில் போய்த்தான் தீர வேண்டும் என்பதில்லை.

மூட்டை கட்டுவதிலும் பாடம் உண்டு. பாட்டி ஊரிலிருந்து கொண்டு வந்த முறுக்கு டின்னும், வழிக்குக் கட்டிய புளிசாதமும், அவசரத்துக்கு வைத்த மின்சார வெந்நீர்ப் பாத்திரமும் சோதனை வாசலிலேயே நின்றுவிடலாம். பெரும்பாலான கப்பல்களில் தீப்பிடிக்கும் அபாயம் கருதிச் சூடேற்றும் கருவிகளை விடுவதில்லை. வெளியில் சமைத்த உணவையும் அனுமதிப்பதில்லை. பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்துத்தான் அறையில் சேர்ப்பார்கள். பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் மாலை வரை திண்டாட்டந்தான். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். கப்பலில் மருத்துவர் உண்டு. அவருக்கும் கட்டணம் உண்டு.

கரை மறைந்ததும் கைப்பேசி ஊமையாகிவிடும். ஆனால் அது முற்றிலும் ஊமையல்ல. கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகவே பிடித்துக்கொண்டால், அடுத்த மாதப் பில்லில்தான் அது பேசும். விமானத்தில் செய்வது போல் இணைப்பைத் துண்டித்து வைப்பதே நல்லது.

அலை ஒத்துக்கொள்ளுமா என்பது போய்ப் பார்க்காமல் தெரியாது. அதற்கும் மலிவான வழி உண்டு. மும்பை படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 மார்ச் முதல் வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல் ஓடுகிறது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். பாட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் அழைத்துப் போய் வந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பெரிய கப்பலில் அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் கேட்டு வாங்கினால் ஆட்டம் குறைவு.

சிரிக்கக்கூடாத ஒத்திகை

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தையும் வசதியையும் பற்றியவை. உயிரைப் பற்றியது ஒன்று இருக்கிறது.

கப்பல் கிளம்பும் முன் அபாய ஒத்திகை நடக்கும். சங்கு ஊதினால் எந்தத் தளத்தில், எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு உடையை எப்படி அணிய வேண்டும் என்று காட்டுவார்கள். விடுமுறைக் குதூகலத்தில் இருப்பவர்களுக்கு இது தொல்லையாகத் தெரிகிறது. ஒருவர் அறையில் குளிக்கப் போகிறார். ஒருவர் சாப்பாட்டு வரிசையைத் தேடுகிறார். கூடியிருப்பவர்களும் செல்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு ஒத்திகை இன்னும் நடக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. அந்த விபத்துக்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்பு அல்லது கிளம்பியவுடனே நடத்தியாக வேண்டும் என்று பன்னாட்டு விதி மாறியது. 2015 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இத்தாலி வரை போக வேண்டியதில்லை. 1947 ஜூலை 17-இல் மும்பையிலிருந்து ரேவாஸுக்குப் புறப்பட்ட 'ராம்தாஸ்' மூழ்கி அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 டிசம்பர் 18-இல் எலிஃபண்டா தீவுக்குப் போன பயணிகள் படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன் பிறகே கேட்வே படகுகளில் உயிர்காப்பு உடை கண்டிப்பாக்கப்பட்டது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் சில குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது.

ஆகவே குடும்பத் தலைவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சாப்பாட்டுக் கூடத்தைத் தேடுவதல்ல. பாட்டியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அறையிலிருந்து கூடும் இடம் வரை ஒரு தடவை மாடிப்படி வழியாக நடந்து பார்ப்பது. ஆபத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. பாட்டியின் கையை யார் பிடிப்பது, சின்னவனை யார் தூக்குவது என்று அப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனங்களும் ஆங்கிலத்தில் மட்டும் ஒப்பித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கலாகாது. மும்பையில் ஏறுகிறவர்களுக்கு மராத்தியிலும் இந்தியிலும், சென்னையில் ஏறுகிறவர்களுக்குத் தமிழிலும் சொல்ல வேண்டும். புரியாத மொழியில் சொன்ன எச்சரிக்கை, சொல்லாத எச்சரிக்கைக்குச் சமம்.

போகலாமா, கூடாதா?

இவ்வளவு தொல்லை எதற்கு, அந்தப் பணத்தில் ஊருக்கே போய் வரலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊர்ப் பயணத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கப்பலேறினால், பிள்ளைகளுக்குச் சித்தப்பா முகமும் அத்தை முகமும் மறந்துவிடும். கடன் வாங்கி, மாதத் தவணை கட்டிக் கப்பலேறுவது அதைவிடத் தவறு. நான்கு நாள் மகிழ்ச்சிக்கு ஒரு வருடம் வட்டி கட்டுவது விரலுக்கேற்ற வீக்கம் ஆகாது.

ஆனால் முழுத் தொகையும் கையில் இருந்து, ஊர்ப் பயணமும் தடைப்படாது என்றால், போகாமல் இருக்கவும் காரணம் இல்லை. போய் வந்தவர்கள் சொல்லும் கடைசி வியப்பு நீச்சல் குளமோ, நாடகமோ அல்ல. கைப்பேசி ஓய்ந்துபோன மூன்று நாளில் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டதுதான். ஏரவாடாவில் கணவன் கராடி போய்த் திரும்ப இரவாகிவிடுகிறது, மனைவிக்கு வேறு நேரம், பிள்ளைகளுக்கு டியூஷன். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கப்பலேற வேண்டியிருக்கிறது என்பது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய செய்திதான்.

அந்த மேல்தளத்தில் பாட்டிக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். தஞ்சை, நாகை, இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் கப்பல் என்றால் உல்லாசம் அல்ல, பிழைப்பு. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிப் போயிற்று. அவர்களில் பெரும்பாலோர் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். அதன் பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றது. வழியனுப்ப வந்தவர்கள் கரையில் அழுத காலம் அது. இன்று பேரப்பிள்ளைகள் கரையைப் பார்த்துக் கையசைத்துச் சிரிக்கிறார்கள். இந்த மாற்றத்தைப் பாட்டியின் வாயால் கேட்கும் பிள்ளைக்கு அந்தச் சீட்டின் விலையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடுகிறது.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மும்பையிலிருந்து ரத்னகிரி வழியாகக் கோவாவுக்குப் போன பழைய கொங்கண் கப்பல்களில் ஆலைத் தொழிலாளியும் ஏறினான், அதிகாரியும் ஏறினார். கப்பல் சுற்றுலாவை இரட்டிப்பாக்க நினைக்கும் அரசு, சூதாட்டக் கூடமும் மதுக்கடையும் இல்லாத, எளிய கட்டணமுள்ள ஒரு கடலோரக் கப்பலையும் நினைத்துப் பார்க்கலாம். கடல் எல்லோருக்கும் பொது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் உரிமையும் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு.

அதுவரை, சீட்டு வாங்குகிறவர்கள் மொத்தத் தொகையைக் கேட்டு வாங்கட்டும். மாத்திரையைக் கைப்பையில் வைக்கட்டும். சங்கு ஊதும்போது செல்பியை நிறுத்தட்டும். மற்றதைக் கடல் பார்த்துக்கொள்ளும்.