மலைத்தீயும் நம் கூரையும்

மாசி பிறந்து பனி விலகியதும் சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்த மலைகள் இலை உதிர்த்துக் காய்ந்து நிற்கின்றன. வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இராசிபுரத்துக்கு அருகே போதமலை, சேந்தமங்கலத்துக்கு அப்பால் கொல்லிமலை. இவற்றுள் ஏதேனும் ஒன்றின் சரிவில் கோடையில் தீ மூளுவது நமக்குப் பழகிப்போன காட்சியாகிவிட்டது. இரவில் அது செம்மாலை போட்டாற்போல் தெரிகிறது. பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பெரியவர்கள், "மலை எரிகிறது" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுக்கிறார்கள்.

இந்தப் புரண்டு படுக்கும் மனப்பான்மையைப் பற்றியே இம்மாதம் அங்கத்தினர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆய்வுக்கு உட்பட்ட ஒரு நெசவாளர் சங்கத்தின் ஊரில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். மலையடிவார ஊர் அது. பங்குனி மாதத்தில் மூன்று நாட்கள் மலை எரிந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் நடுப்பகலில் காற்றுத் திரும்பியது. தீ ஊருக்குள் வரவில்லை; தீப்பொறிகள்தாம் வந்தன. அவற்றுள் ஒன்று, ஒரு குடியானவரின் கடலைக்கொடிப் போரில் விழுந்தது. போரிலிருந்து மாட்டுக் கொட்டகை, கொட்டகையிலிருந்து அடுத்திருந்த நெசவாளரின் பனையோலைக் கூரை என ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வீடுகள் சாம்பலாயின. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

மறுவாரம் நாம் அங்கே சென்றபோது அந்த நெசவாளர் தம் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "கூரை போனால் கட்டிக்கலாமுங்க. எரிஞ்ச பாவு சங்கத்துப் பாவுங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்லட்டுமுங்க?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. சங்கத்தின் கிடங்கில் இருந்த நூலுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அங்கத்தினர் வீட்டுத் தறியில் ஏறியிருந்த நூலுக்கு இல்லை. கணக்குப் புத்தகத்தில் அந்த நூலின் கிரயம் அவர் பெயரில் பாக்கியாக நின்றது. தறியும் வேலையும் இழந்த மனிதர், சங்கத்துக்குக் கடனாளியாகவும் ஆனார்.

இதில் நம் குற்றமும் உண்டு. அந்தச் சங்கத்தைப் பல முறை தணிக்கை செய்திருந்தோம். நூல் இருப்பில் ஒரு கட்டு குறைந்தாலும் குறிப்பு எழுதினோம். அந்நூல் எத்தகைய கூரையின் கீழ் இருக்கிறது என்று ஒரு நாளும் தலை நிமிர்ந்து பார்த்தோமில்லை.

மலைத்தீயைப் பற்றி ஊர்களில் நாம் கேட்கும் பேச்சுக்களை மூன்றாகச் சுருக்கலாம். 'மலைத்தீ மலையோடு போகும்' என்பது முதலாவது. 'அதை அணைப்பது வனத்துறையின் வேலை' என்பது இரண்டாவது. 'மலையில் தீ வைத்தால்தான் மாட்டுக்கு நல்ல புல் முளைக்கும்' என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

மலைத்தீ மலையோடு போவதில்லை. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்றிருந்தோரை வளைத்துக்கொண்டது. 23 பேர் மாண்டனர். சென்னையிலிருந்து சென்றோர் மட்டுமல்லர், நம் அண்டை ஊர்களான ஈரோடு, திருப்பூர் பக்கத்தாரும் அக்கூட்டத்தில் இருந்தனர். காய்ந்த புல்லில் காற்றோடு மேட்டை நோக்கி ஏறும் தீயை மனிதன் ஓடி வெல்ல முடியாது என்பதை அன்று நாடே அறிந்தது.

அது மலையின் மேல் நடந்தது. ஊருக்குள் என்ன என்று கேட்கலாம். அதற்குப் பிற நாடுகளின் அனுபவம் விடை தருகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் மூண்ட தீயில் 173 பேர் இறந்தனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2018 நவம்பரில் பாரடைஸ் என்னும் ஊரே அழிந்தது. 85 உயிர்கள் போயின. பின்னர் சென்று பார்த்தவர்கள் ஒரு வியப்பைக் கண்டார்கள். வீடுகள் தரைமட்டமாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றியிருந்த மரங்களுள் பல பச்சையாகவே நின்றன. சுவர்போல் எழுந்து வந்த தீ வீடுகளை விழுங்கியிருந்தால் மரங்கள் எங்ஙனம் பிழைத்திருக்கும்? காற்றில் பறந்து வந்த பொறிகளே கூரை இடுக்கிலும் வாசற்சருகிலும் விழுந்து வீடுகளைக் கொளுத்தின. பின்பு வீட்டிலிருந்து வீட்டுக்குத் தீ தாவியது. அமெரிக்க வனத்துறையில் பல்லாண்டுகள் இதை ஆராய்ந்த ஜாக் கோஹன் என்பவர், ஒரு வீடு பிழைப்பதும் அழிவதும் பெரும்பாலும் அவ்வீட்டின் கூரையையும் அதைச் சுற்றிய நூறு அடி நிலத்தையும் பொறுத்தது என்று காட்டினார். அந்நூறு அடியிலும் சுவரை ஒட்டிய முதல் ஐந்தடி மிக முக்கியமானது. நம் மலையடிவார ஊரில் ஒரு கடலைக்கொடிப் போர் கற்பித்ததும் இதே பாடந்தான்.

அடுத்து, வனத்துறையின் கடமை. அது உண்மையே. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதும், தீக்காவலர்களை அமர்த்துவதும் அத்துறையின் பணி. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் வாயிலாகக் காட்டுத்தீயைக் கண்டு கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொண்டு அதனைப் பெறலாம். ஆனால் செயற்கைக்கோள் மலைத்தீயைக் காணுமேயன்றி, நம் வீட்டுக் கொல்லையில் குவிந்த ஓலையை அப்புறப்படுத்தாது. வனக்காவலர் சரிவில் தீயோடு போராடும் நேரத்தில் நம் ஐந்தடியை நாம்தாம் காக்க வேண்டும்.

மூன்றாவது பேச்சு சற்றுச் சங்கடமானது. நம் நாட்டுக் காடுகளில் மூளும் தீயில் மிகப் பெரும் பகுதி மனிதர் கையால் உண்டாவது. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டமே காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. இருந்தும் தீ வைப்பது நிற்கவில்லை. வைப்பவர் யாரோ வெளியூரார் என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. ஆடுமாடு வளர்க்கும் நம் அங்கத்தினரும் அவர் பிள்ளைகளும் அதில் உண்டு. எரித்த இடத்தில் மழைக்குப் பின் இளம்புல் முளைப்பது மெய்தான். அதனோடு எரிந்து போவது எது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இளங்கன்றுகளும் சருகு மண்ணும் போகின்றன. முதல் மழையில் மேல்மண் கரைந்து ஏரிக்கு வருகிறது. மலையில் தங்கி ஊற வேண்டிய நீர் ஒரே நாளில் ஓடிவிடுகிறது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறக்கிறது. மலை மொட்டையானால் அடிவாரத்துக் கிணறு நிறைவது எவ்வாறு? ஒரு கோடைப் புல்லுக்காகப் பல ஆண்டுத் தண்ணீரை விற்பது விவசாயிக்கு இலாபமான வியாபாரமாகாது. மாட்டுக்குப் புல் வேண்டும் என்ற தேவை நியாயமானது. அதைச் சட்டத்தைக் காட்டி மறுப்பதைவிட, தீவனப் புல்லுக்கும் சோளத்தட்டுக்கும் பால் சங்கங்கள் வாயிலாக வழி செய்வதே அறிவுடைமை.

இனிக் கூரையைப் பற்றி. ஓலைக் கூரையின் ஆபத்தை இம்மாநிலம் பெரும் விலை கொடுத்து அறிந்தது. 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியின் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிந்தது. நெசவுக் கூடங்களிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் அது இன்னும் இருக்கிறது.

"கூரையை மாற்றுங்கள்" என்று மேடையில் சொல்வது எளிது. நெசவாளர் ஓலையை விரும்புவது அறியாமையால் அன்று. குழித்தறியில் பருத்திப் பாவுக்கு ஈரப்பதம் வேண்டும். வெக்கையில் இழை அறும். தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை மாதத்தில் நெய்து பார்த்தவருக்கே அதன் துன்பம் தெரியும். ஆகவே ஓடு வேய்ந்த கூரையே நெசவுக்கு ஏற்றது; அதற்குச் செலவு மிகுதி. குடிசை வீடுகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற 2010-இல் ஒரு திட்டம் வந்தது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் எட்டு லட்சம் வீடுகள் கட்டுவதென்று 2024-இல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், வீடொன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாயுடன் அறிவிக்கப்பட்டது. தகுதியுள்ள அங்கத்தினருக்கு மனு எழுதித் தர ஆளில்லை என்ற குறை நம் சங்கங்களில் இருத்தலாகாது. ஆயினும் எல்லாக் கூரையும் மாறும்வரை தீ காத்திராது. உடனே செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவதாக, மாசி முதல் வைகாசி வரை ஒவ்வொரு வீட்டின் சுவரையொட்டி ஐந்தடிக்குச் சருகு, ஓலை, விறகு, சாக்கு எதுவும் இல்லாமல் கூட்டி வைக்க வேண்டும். இதற்குக் காசு வேண்டியதில்லை, துடைப்பம் போதும். இரண்டாவதாக, தட்டுப்போரும் கடலைக்கொடிப் போரும் வீட்டிலிருந்து முப்பது அடிக்குக் குறையாத தூரத்தில், காற்று வரும் திசைக்கு மறுபுறத்தில் இருக்க வேண்டும். நிலம் குறுகியவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பொது இடத்தில் போர் போடலாம். மூன்றாவதாக, தறியில் ஏறாத நூலும் நெய்து முடித்த சேலை வேட்டியும் வாசலுக்கருகே தகரப் பெட்டியில் இருக்கட்டும். ஆபத்தில் முதலில் ஆளையும் பிறகு முடிந்தால் பெட்டியையும் வெளியேற்றலாம். நான்காவதாக, கரும்பு வெட்டியபின் சோகையை எரிக்கும் வழக்கத்தை விடவேண்டும். வரப்பைத் தாண்டிய சோகைத்தீ மலைத்தீக்குச் சளைத்ததன்று. சோகையைக் கரும்புக் கட்டைகளுக்கு இடையே பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும், மண்ணுக்கும் உரமாகும். ஐந்தாவதாக, மலையில் புகை கண்ட அன்றே வனத்துறைக்கும், ஊரை நெருங்கினால் 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்ல, தெருவுக்கு இருவரை முறை வைத்து நியமிக்க வேண்டும்.

இவற்றுள் எதையும் ஒருவர் தனியாகச் செய்து பயன் இல்லை. நம் வாசல் சுத்தமாக இருந்து பக்கத்து வீட்டுப் போர் எரிந்தால் நம் கூரையும் எரியும். தீ பட்டாவையும் சர்வே எண்ணையும் பார்த்து நிற்பதில்லை. நெசவாளர் சங்கம் வேறு, விவசாயிகள் சங்கம் வேறு என்று பதிவேட்டில் பிரித்து எழுதியிருக்கிறோம். அந்த ஊரில் ஒரு விவசாயியின் போரிலிருந்து ஒரு நெசவாளரின் தறிக்குத் தீ சென்றபோது அந்தப் பிரிவினை எங்கே இருந்தது? கூட்டுறவு என்பது கடனுக்கும் விற்பனைக்கும் மட்டும் என்றால், அது பாதிக் கூட்டுறவுதான்.

இறுதியாக நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அங்கத்தினர் வீட்டில் இருக்கும் சங்க நூலுக்கும் பாவுக்கும் இன்ஷூரன்ஸ் செய்வதற்கான தீர்மானத்தை அடுத்த பொதுப் பேரவையில் கொண்டு வாருங்கள். பிரீமியம் அதிகம் என்ற ஆட்சேபம் வரும். தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்து பார்த்தபின் அந்த ஆட்சேபம் நிற்கிறதா என்று பாருங்கள். எரிந்துபோன பாவின் கிரயத்தை, கூரை இழந்தவரிடமே வசூலிப்பது கணக்கின்படி சரியாக இருக்கலாம். சங்கம் என்ற பெயருக்குச் சரியாகாது. இனித் தணிக்கைக்கு வரும்போது நூல் இருப்போடு கூரையையும் போரையும் பார்த்துக் குறிப்பு எழுதுவதென்று நாமும் முடிவு செய்திருக்கிறோம்.

முன்னதாகக் காத்துக்கொள்ளாதவனின் வாழ்வுக்கு நெருப்பெதிர் வைக்கோற்போரை உவமை காட்டினார் வள்ளுவர். நமக்கோ அது உவமையே அன்று. கொல்லையில் கண்ணெதிரே நிற்கும் போர். இன்று மாலை வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். பிறகு அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை நடங்கள்.