எந்த வேலைக்கு எந்த எடிட்டர்?

ஒரு வீட்டில் அரிவாள்மனை இருக்கும். கத்தி இருக்கும். பாக்குவெட்டியும் இருக்கும். மூன்றும் வெட்டத்தான் பயன்படுகின்றன. ஆனால் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு பூசணிக்காய் வெட்ட யாரும் போவதில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

எழுதவும், எழுதியதைத் திருத்தவும் கம்ப்யூட்டரில் ஒரு கருவி வேண்டும். அதற்கு "எடிட்டர்" என்று பெயர். யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஒன்றல்ல, இரண்டல்ல, பல எடிட்டர்கள் இருக்கின்றன. எதைக் கற்பது என்று தெரியாமல் புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். பொருந்தாத எடிட்டரில் திறந்து, நல்ல பைலைக் கெடுத்துவிட்டுக் கலங்குகிறவர்களும் உண்டு.

யூனிக்ஸ் குடும்பம்

யூனிக்ஸ் 1969-ம் ஆண்டு பிறந்தது. பிறந்த இடம், அமெரிக்காவில் உள்ள பெல் ஆராய்ச்சிக்கூடம். கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் அதை உருவாக்கினார்கள். அதே வழியில் 1991-ல் லினக்ஸ் வந்தது. இன்று ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. கம்ப்யூட்டர் எப்படி நடக்க வேண்டும் என்ற உத்தரவுகளைப் பெரும்பாலும் சாதாரண எழுத்தாகவே பைல்களில் எழுதி வைக்கும். அதில் ஒரு வரியைத் தவறாக மாற்றினால் போதும். கம்ப்யூட்டர் கிளம்பாமலே போகலாம்!

ஆகவே, எடிட்டரைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டு அல்ல.

ஒரே ஒரு கேள்விக்குறி

யூனிக்சின் முதல் எடிட்டர் "எட்". கென் தாம்சன் எழுதியது. அது அதிகம் பேசாது. தவறான கட்டளை கொடுத்தால் ஒரே ஒரு கேள்விக்குறியைக் காட்டும். அவ்வளவுதான்! என்ன தவறு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு, 1976-ம் ஆண்டு வாக்கில் "விஐ" வந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவராக இருந்த பில் ஜாய் அதை எழுதினார்.

அவர் வீட்டிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக வேலை பார்த்தார். அந்த இணைப்பு, வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகளைத்தான் கொண்டுவரும். திரை முழுவதும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் விஐ-யின் கட்டளைகள் ஒற்றை எழுத்தில் அமைந்தன. அவருடைய விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்ற எழுத்துகளின் மேல்தான் அம்புக்குறிகள் போட்டிருந்தன. விஐ-யில் அந்த நான்கு எழுத்துகள் இன்றும் அம்புகளாக வேலை செய்கின்றன.

காரணம் தெரிந்தால் கோபம் வராது. தெரியாதவருக்கோ விஐ ஒரு புதிர். திறந்ததும் தட்டினால் எழுத்து விழாது. வெளியே வரவும் வழி தெரியாது.

விஐ-யின் வாரிசு "விம்". (பாத்திரம் தேய்க்கும் விம் அல்ல!) நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் இதை 1991-ல் வெளியிட்டார். விலை கிடையாது. "உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்ற வேண்டுகோளை மட்டும் முதல் திரையில் வைத்தார். 2023-ல் அவர் காலமானார். விம்மிலிருந்து வெளியே வருவது எப்படி என்று இன்டர்நெட்டில் ஒருவர் கேட்ட கேள்வியை, 2017-க்குள் 10 லட்சம் பேருக்கு மேல் போய்ப் பார்த்திருந்தார்கள். தவிப்பு ஒருவருக்கு மட்டும் அல்ல!

இன்னும் இருவர்

விஐ பிறந்த அதே காலத்தில் "ஈமாக்ஸ்" பிறந்தது. இது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பிள்ளை. ரிச்சர்டு ஸ்டால்மன் முதலானவர்கள் உருவாக்கினார்கள். ஈமாக்ஸ் ஒரு பெரிய பங்களா. கடிதம் படிக்கலாம், கணக்கு எழுதலாம், நாள்குறிப்பு வைக்கலாம். விரும்பியபடி அறைகளை இடித்துக் கட்டலாம். ஆனால் பங்களாவைப் பராமரிக்க நேரம் வேண்டும்.

"நானோ" சிறிய வீடு. 1999-ல் எழுதப்பட்டது. திறந்தவுடன் தட்டினால் எழுத்து விழும். எப்படிச் சேமிப்பது, எப்படி வெளியேறுவது என்று திரையின் அடியிலேயே எழுதிக் காட்டும்.

விஐ உயர்ந்ததா, ஈமாக்ஸ் உயர்ந்ததா என்று ஆண்டுக்கணக்காகப் பட்டிமன்றம் நடக்கிறது. இதனால் புதிதாக வருகிறவருக்கு ஒரு காசு பயன் இல்லை.

முதல் நாளில் நானோ

முதல் நாளில் நானோவே போதும். "அது சோம்பேறிகளின் கருவி" என்று சிலர் கேலி செய்வார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். குரங்குப் பெடல் போட்டுத்தான் எத்தனையோ பேர் சைக்கிள் பழகினார்கள். அதனால் அவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் நானோவுடன் நின்றுவிடவும் கூடாது. நானோ இல்லாத எந்திரங்கள் உண்டு. யூனிக்ஸ் வகைக்கு வகுக்கப்பட்ட பாசிக்ஸ் விதிகளில் விஐ இருக்கிறது. எனவே, அறிமுகம் இல்லாத எந்திரத்திலும் பெரும்பாலும் விஐ கிடைக்கும். இரவு நேரத்தில் தூரத்து எந்திரம் ஒன்று படுத்துவிட்டால், கைகொடுப்பது அதுதான்.

அதற்கு நான்கு பாடம் போதும். எழுதத் தொடங்க "ஐ" விசை. எழுதுவதை நிறுத்த "எஸ்கேப்" விசை. சேமித்து வெளியேற, முக்காற்புள்ளி போட்டு டபிள்யூ, க்யூ. சேமிக்காமல் ஓடிவர, முக்காற்புள்ளி போட்டு க்யூ, ஆச்சரியக்குறி. கடைசி இரண்டுக்கும் பிறகு "என்டர்" தட்ட வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் கற்றுவிடலாம்.

நாள் முழுவதும் எழுதுவதே தொழில் என்றால், விம்மையோ ஈமாக்சையோ ஆழமாகக் கற்கலாம். எது கைக்குப் பழகுகிறதோ அதுவே நல்லது.

பைனரியைத் தொடாதே!

இனிமேல்தான் ஆபத்தான இடம்.

எல்லாப் பைலும் எழுத்து அல்ல. போட்டோ, பாட்டு, புரோகிராம் ஆகியவை "பைனரி" பைல்கள். இவை வெறும் எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். அதற்குப் "பைட்" என்று பெயர்.

புரோகிராமில் ஒவ்வொரு பைட்டும், ரெயிலில் ரிசர்வ் செய்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் பயணி போன்றது. நடுவில் ஒருவர் புகுந்தால், அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் இடம் மாற வேண்டும். குழப்பம்தான் மிஞ்சும்!

எழுத்துக்கான எடிட்டர் இதை அறியாது. சில எடிட்டர்கள் தாமாகவே கடைசியில் ஒரு பைட்டைச் சேர்க்கும். சில, புரியாத பைட்டுகளை எடுத்துவிட்டு வேறு குறியைப் போடும். "சேமி" என்று தட்டிய அந்த நொடியில் கல்யாணப் போட்டோ போய்விடும்.

பைனரி பைலைப் பார்ப்பதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. விம்முடன் வரும் "எக்ஸ்எக்ஸ்டி", ஒவ்வொரு பைட்டையும் இரண்டு குறிகளாகக் காட்டும். "ஹெக்ஸ்எடிட்" என்ற கருவியில், இருக்கும் இடத்திலேயே ஒரு பைட்டை மாற்றலாம். ஈமாக்சிலும் இதற்கு வசதி உண்டு. எதுவானாலும், முதலில் நகல். பிறகுதான் திருத்தம்.

தமிழுக்கும் இது பொருந்தும்

"அம்மா" என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து. இன்றைய யூனிகோடு முறையில், வழக்கமான யுடிஎப்-8 வடிவில், அது 15 பைட்டுகள்!

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல எழுத்து முறைகள் இருந்தன. அந்தக் காலத்தில் தாத்தா தட்டச்சு செய்த குடும்ப வரலாறு ஒரு பழைய பைலில் இருக்கலாம். அதைப் பேரன் இன்றைய எடிட்டரில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். "கெட்டுப்போய்விட்டது" என்று எண்ணிக் குளறுபடியாகத் திருத்திச் சேமித்தால், அப்போதுதான் அது உண்மையாகவே கெடும். கை வைக்காமல் இருந்தால், எழுத்து முறையை மாற்றித் தாத்தாவின் சொற்களை மீட்டுவிடலாம்.

எடிட்டரில் பெரியது, சிறியது என்று இல்லை. இடம் அறிந்து எடுப்பதே திறமை. பாக்குவெட்டி பாக்குக்கு, அரிவாள்மனை பூசணிக்காய்க்கு!