ஆய்வு எங்கே என்று கேட்டது நீதிமன்றம்

சென்ற மாதம் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். பி.ஏ. முடித்தவன். “அண்ணே, இறையியல் படிக்கலாம்னு இருக்கேன். அப்பா வேணாங்கறாரு. சபையில கடுதாசி வாங்கிச் சேர்ந்தா எஸ்.சி. சர்டிபிகேட் போயிடுமாம். நீங்க என்ன சொல்றீங்க?”

அந்த அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் ஏசு படம், தெருமுனையில் மாரியாத்தாளுக்குக் கூழ், பள்ளிக்கூடப் பதிவேட்டில் இந்து. நம் சேரிகளில் பாதி இப்படித்தான் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்து அல்லாதவன் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பவுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் வெளியே. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் வாங்கிய பறையன் காகிதத்தில் பி.சி. ஆகிவிடுகிறான். சேரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மதங்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்கிறவர்கள் உலகில் எங்கிருந்தாலும் ‘தாம்பரம்’ என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1938 டிசம்பரில் இங்கே, சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 70 நாடுகளிலிருந்து 470 பேர் வந்தார்கள். டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டது வேறு, மனிதர்களின் மதங்கள் வேறு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாலமில்லை என்பது அவர் கட்சி. செஞ்சையா, சக்கரை முதலான சென்னைக்காரர்கள் அதே ஆண்டு எதிர்க்குரலாக ஒரு நூல் வெளியிட்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1988 ஜனவரியில், மறுபடி தாம்பரத்தில் கூடி அந்த வாதத்தை அலசினார்கள்.

பெயர் நம் ஊருடையது. கேள்வி நம்முடையதா? இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அம்பேத்கர் அறிவித்து அப்போது மூன்றே ஆண்டு. இந்தியத் திருச்சபையில் பெரும்பகுதி தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட சனங்கள். ஆனால் பாடத்தில் ஏறியது, மதத்துக்கும் மதத்துக்கும் பாலம் உண்டா என்ற பண்டிதர் சண்டைதான். அந்தப் பாலத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்களின் கேள்வி ஏற நாற்பது வருசத்துக்கு மேல் ஆயிற்று. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் சூத்திர இறையியல் என்று பேச ஆரம்பித்தார். அது தலித் இறையியலாக வளர்ந்தது. கீழ்ப்பாக்கம் குருகுலத்தில் அதற்கென ஒரு துறையே வந்தது. மதுரை அரசரடியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டையும் ஒரே உலைச் சோற்றையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்.

இதெல்லாம் வகுப்பறைச் சங்கதி என்று நினைக்கிற தோழர்களுக்குச் சூசையின் வழக்கைச் சொல்ல வேண்டும். சூசை சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த தொழிலாளி. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அவரைப் போன்ற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பங்க் கொடுத்தது; இந்துவாக இருப்பவர்களுக்கு மட்டும். அதே ரோடு, அதே ஊசி, அதே தோல். சூசைக்குக் கிடையாது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் போதாதாம்; அதே கொடுமை அதே கடுமையோடு புது மதத்திலும் தொடர்கிறது என்று காட்ட வேண்டுமாம். அதற்கு அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற வரி அது. எத்தனை இறையியல் கல்லூரி, எத்தனை பட்டம், எத்தனை ஆய்வேடு! திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரித்து வைக்கிற சுவர் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நீதிமன்ற மேசைமேல் வைக்க ஒரு கட்டுத் தாள் இல்லாமல் போயிற்று. பிறகுதான் வந்தன: மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை 2007இல், சதீஷ் தேஷ்பாண்டேயின் ஆய்வு 2008இல். அதன் பிறகும் 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, ஆராயுங்கள் என்றது ஒன்றிய அரசு. அவர்களுக்கு ஆய்வு ஒரு சாக்கு. நமக்கு அப்படியில்லை.

பட்டம் இல்லாமலும் இந்த வேலையைச் செய்தவர் நமக்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பவுத்த சங்கம் கண்டார். 1907இலிருந்து ஒரு பைசாப் பத்திரிகையில் வாராவாரம் புராணத்தையும் பண்டிகையையும் தமிழ் நூல்களையும் பிரித்துப் போட்டு, சேரியின் பவுத்த வரலாற்றைத் தேடினார். மதங்களை ஒப்பிட்டுப் படிப்பது என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

தம்பியிடம் சொன்னேன்: “சேரு. ஆனா சங்கரரையும் அக்வினாசையும் எடை போட்டு ஆய்வேடு எழுதாதே. உங்க சபையில யாரு எந்த பெஞ்சுல உக்காருறாங்க, யாரு பொணம் எங்க போகுது, எந்த வீட்டுல எத்தன சாமி, எந்தப் பேருல சர்டிபிகேட், அத எழுது. தேதி போட்டு, ஆளக் கேட்டு எழுது.”

“சர்டிபிகேட்டுக்கு என்ன வழிண்ணே?” என்றான் மறுபடி. அதற்கு என்னிடம் வழி இல்லை. அப்பாவோடு உட்கார்ந்து பேசு, நானும் வருகிறேன் என்றேன்.

இறையியல் கல்லூரிகளில் இருக்கிற தோழர்களே, உங்கள் ஆய்வேடுகள் அலமாரியில் தூங்குகின்றன. தமிழில் சுருக்கி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கம் ஒதுக்கி வைக்கிறோம்.