நிரந்தர வேலையும் நோட்டீஸ் மாதமும்

புனேயிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகளில் பலர் கான்ட்ராக்டில்தான் முதலில் வேலைக்குச் சேருகிறார்கள். உட்கார்ந்து வேலை பார்ப்பது ஒரு கம்பெனியில். சம்பளம் போடுவது வேறொரு ஏஜென்சி. இரண்டு மூன்று வருஷம் கழித்து எங்காவது நிரந்தர வேலை கிடைத்தால் வீட்டில் பாயசம்தான். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ‘பெர்மனென்ட்’ என்ற ஒரு வார்த்தை போதும், பெண் பார்க்கவே கிளம்பிவிடுவார்கள். இந்தச் சந்தோஷத்தில் பழைய இடத்துக்கு முறையாக நோட்டீஸ் கொடுக்கும் காரியம் கோட்டைவிடப்படுகிறது.

சிலர் சம்பளம் வங்கியில் ஏறிய மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். கேட்டால், “அவர்கள் மட்டும் நோட்டீஸ் கொடுக்கிறார்களா? பிராஜெக்ட் முடிந்தது, திங்கட்கிழமை வர வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்வதில்லையா?” என்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் இதில் நஷ்டப்படுவது நம் பிள்ளைதான். புதிய கம்பெனி ரிலீவிங் லெட்டர் கேட்கும். பழைய இடத்தில் விசாரிக்கவும் செய்யும். பிராவிடண்ட் ஃபண்டில் ஒருவருக்கு ஒரே எண் என்ற ஏற்பாடு 2014இல் வந்தபின், யார் எங்கே எந்தத் தேதிவரை வேலை பார்த்தார் என்பதை மறைப்பது கடினம்.

அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். “கோர்ட்டுக்கு இழுப்போம்” என்று மிரட்டுகிற ஏஜென்சிகள் உண்டு. இஷ்டமில்லாத இடத்தில் வேலை பார் என்று 1963ஆம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டப்படி எந்தக் கோர்ட்டும் ஒருவரைக் கட்டாயப்படுத்தாது. பணம் கேட்பது வேறு விஷயம். 3 வருஷம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து செல்லும் என்றே 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆகவே கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் நோட்டீஸ், மிச்ச நாளுக்குப் பணம் கட்டிவிட்டு விலகலாமா, அந்தப் பணம் அடிப்படைச் சம்பளத்தின் மீதா மொத்தச் சம்பளத்தின் மீதா, எல்லாம் அதில்தான் இருக்கும். (ஊரில் அரை சென்ட் நிலப் பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள்தாம் நாம்!)

வேலை பார்க்கும் கம்பெனியே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும்போது இன்னொரு குழப்பம். அதே மேஜை, அதே நாற்காலி. ராஜினாமா எதற்கு என்று நினைக்கிறார்கள். முதலாளி மாறுகிறாரே! ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குப் பதிலும் வாங்க வேண்டும். மேனேஜர் காதில் போட்டது கணக்கில் சேராது.

அதைவிட முக்கியம், ஆர்டர் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்கவே கூடாது. “அடுத்த வாரம் வந்துவிடும்” என்ற வாய்ப்பேச்சை நம்பி விலகி, அந்த இடமும் இல்லாமல் போய், மூன்று மாதம் வீட்டு வாடகைக்குத் திண்டாடிய குடும்பங்களை நான் அறிவேன். ஊரென்றால் மாமா வீட்டில் நாலு நாள் தள்ளலாம். இங்கே வீட்டுக்காரர் 5ஆம் தேதி கதவைத் தட்டுவார். பள்ளிக்கூடமும் ஃபீஸுக்குக் காத்திராது.

நிரந்தர வேலைக்கும் ஒரு விலை உண்டு. கான்ட்ராக்டில் 30 நாளாக இருந்த நோட்டீஸ், சாஃப்ட்வேர் கம்பெனிகள் பலவற்றில் 90 நாளாகிவிடுகிறது. பிறகு வேறு இடம் தேடினால் “உடனே சேர முடியுமா?” என்பதே முதல் கேள்வி. 90 நாள் கட்டிப்போடுவது அநியாயம் என்பது என் அபிப்பிராயம். சேருவதற்கு முன்பே குறைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. சேர்ந்தபின் கேட்டுப் பிரயோஜனமுமில்லை.

கடைசிச் சம்பளம் பற்றி ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய ஊதியச் சட்டம், ராஜினாமா செய்து விலகியவருக்குச் சம்பள பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் தரச் சொல்கிறது. “45 நாள் ஆகும்” என்று ஏஜென்சி பழைய பாட்டைப் பாடினால், எந்தச் சட்டப்படி என்று எழுதிக் கேளுங்கள்.