விடியும்வரை வைத்திராமல்



புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை இந்நேரம் உங்கள் வேதாகமத்துக்குள்ளோ, அலமாரிக் கண்ணாடியிலோ, கைப்பேசி உறைக்குள்ளோ இடம்பிடித்திருக்கும். இந்த மாதம் நமக்கு வந்த கடிதங்கள் பலவற்றில் அந்த அட்டையிலுள்ள வசனம்தான் முதல் வரி. வேலைக்கு அலைகிற மகனைப் பற்றி ஒரு தாய் எழுதுகிறார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கிற ஒரு பெரியவர், தமக்குக் கிடைத்த வசனத்தைத் தினமும் மூன்று வேளை வாய்விட்டுச் சொல்வதாக எழுதுகிறார். படிக்கப் படிக்க மனம் நெகிழ்கிறது. கர்த்தருடைய வாக்குகளைப் பற்றிக்கொண்டுதான் நானும் இத்தனை காலம் நடந்து வந்திருக்கிறேன்.

அந்த அட்டைக் கட்டில் சேராத வசனங்களும் நம் வேதாகமத்தில் இருக்கின்றன. லேவியராகமம் 19:13 அப்படி ஒன்று. நாள் கூலிக்கு வேலை செய்தவருக்குச் சேரவேண்டிய பணத்தை ஓர் இரவுகூட நம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். எந்தப் புத்தாண்டிலும் எவருக்கும் இந்த வசனம் அட்டையாக வந்து நான் பார்த்ததில்லை. வசன காலண்டரிலும் பார்த்த நினைவில்லை. கட்டளை வசனங்கள் சுவருக்கு அழகு சேர்ப்பதில்லையோ என்னவோ, நாம் அவற்றை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

இத்தனைக்கும் அந்த அதிகாரம் சாதாரணமானது அல்ல. நம்மிடம் நாம் காட்டும் அன்பைப் பிறனிடமும் காட்ட வேண்டும் என்று ஆண்டவர் எடுத்துச் சொன்ன கட்டளை அங்கேதான், 18ஆம் வசனத்தில் இருக்கிறது. அதற்கு ஐந்து வசனங்களுக்கு முன்னால் இந்தக் கூலி. அதற்கும் முன்னால், அறுப்பு நாளில் வயலின் ஓரங்களை எளியவருக்கென்று விட்டுவைக்கச் சொல்லும் கட்டளை. அதிகாரத்தின் முடிவில் தராசும் படிக்கல்லும். அன்பு என்று வேதம் சொல்லும்போது அதைச் சுற்றிலும் வயலும் கூலியும் தராசும் நிற்கின்றன. சின்ன வயதில் ஓய்வுநாள் பாடசாலையில் 18ஆம் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய நமக்கு, அதன் அக்கம்பக்கத்தை யாரும் அவ்வளவாகக் காட்டவில்லை.

கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பதற்கு உபாகமம் 24ஆம் அதிகாரம் காரணமும் சொல்கிறது. வேலை செய்தவர் ஏழை, அந்தக் கூலியின் மேலேயே அவர் உயிரை வைத்திருக்கிறார், அதனால் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். உள்ளூர்க்காரராக இருந்தாலும், பிழைக்க வந்த வெளியூர்க்காரராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். இந்தக் காரணத்தை எனக்குப் புரியவைத்தது எந்த விளக்கவுரையும் அல்ல, எங்கள் ஆச்சி.

ஆச்சிக்கு எழுத்து தெரியாது. நடவுக்கு நாள் குறித்தால் முந்தின நாள் சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் நோட்டை மாற்றிச் சில்லறையாகக் கொண்டுவந்துவிடுவார். "கூலி குடுக்கும்போது சில்லற இல்லன்னு ஒரு சொல்லு நம்ம வாயில வரக்கூடாதுல்லா" என்பார். நடவு முடித்த பெண்கள் வாய்க்காலில் சேறு கழுவி, ஏற்றிச் செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு வரும்போது, திண்ணையில் கவிழ்த்துப் போட்ட சுளகின் மேல் ஆளுக்கொரு குவியலாகக் காசு அடுக்கியிருக்கும். யாரும் நின்று கேட்க வேண்டியதில்லை, எண்ணிக்கொடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. "வெரசா போங்கம்மா, அண்ணாச்சி கடைய அடச்சிருவாவ" என்று அனுப்பிவைப்பார். அந்தக் கடை அடைப்பதற்குள் அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போனால்தான் அன்று ராத்திரி அந்த வீடுகளில் உலை கொதிக்கும். பொழுது சாய்வதற்குள் என்று மோசே எழுதிவைத்ததன் பொருள் அந்தத் திண்ணையில் எனக்கு விளங்கியது. ஒரு நாள் தாமதம் கொடுப்பவருக்கு வெறும் தாமதம். வாங்குகிறவர் வீட்டிலோ அது ஒரு வேளைப் பட்டினி.

தீர்க்கதரிசிகளும் இந்த இடத்தில் கடுமையாகப் பேசுகிறார்கள். யோயாக்கீம் ராஜா விசாலமான மாளிகை கட்டினான், கேதுருப் பலகை பதித்தான், சிவப்புச் சாயம் பூசினான். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா 22ஆம் அதிகாரத்தில் அவனுக்கு ஐயோ என்கிறார். பிறகு அவன் தகப்பன் யோசியாவைக் காட்டுகிறார்: அவனும் சாப்பிட்டான், குடித்தான், ஆனால் எளியவனுடைய வழக்கை நியாயமாக விசாரித்தான், கர்த்தரை அறிகிற அறிவு அதுதானே என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை நான் அடிக்கடி நின்று வாசிப்பதுண்டு. கர்த்தரை அறிதல் என்றால் நமக்கு ஜெப அறை, அந்நிய பாஷை, உபவாசம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. எரேமியாவுக்கு நினைவுக்கு வந்தது ஒரு நேர்மையான தீர்ப்பு. உபவாசத்தைப் பற்றிய ஏசாயா 58ஆம் அதிகாரமும், உபவாச நாளிலேயே வேலையாட்களைப் பிழிந்தெடுக்கிறவர்களைப் பார்த்துத்தான் தொடங்குகிறது.

இன்று நம்மில் பலருக்கு வயல் இல்லை. ஆனால் காலையில் வந்து பாத்திரம் விளக்கி, வீடு கூட்டித் துடைத்துப் போகிற ஒரு அக்கா இருக்கிறார். ஒன்றாம் தேதி வருகிறது. அவர் வேலையை முடித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பின்வாசல் அருகே கொஞ்சம் கூடுதலாக நிற்பார். அப்படி நிற்பதிலேயே கேள்வி இருக்கிறது. "சார் வரட்டும்", "ஏடிஎம்மில் எடுக்கவில்லை", "ஞாயிறு கழியட்டும்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டு மூன்று நாள்தானே. ஆனால் அவருக்குக் குழுக் கடன் தவணை மறுநாளே. வாடகையும் அன்றைக்குள். நம் வீட்டில் தங்கிய இரண்டு நாளுக்கு அவர் வெளியே வட்டி கட்டுகிறார். கைப்பேசியைத் தட்டினால் பணம் போய்ச் சேருகிற இந்தக் காலத்தில், சில்லறை இல்லை என்ற சாக்கும் நமக்கு இல்லை.

கூலியைப் பற்றிய இந்த வசனத்தை ஒருவர் தம் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்து 1963இல் இந்தியாவுக்கு வந்த கன்னியாஸ்திரி ஜீன் டெவோஸ், நம் திண்டுக்கல் பகுதியில்தான் வீட்டுவேலை செய்யும் பெண்களோடு முதலில் பழகினார். அவர்களுடைய நிலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அரிசி மூட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் 1985இல் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கினார். வீட்டுவேலையும் வேலைதான், அதற்குக் கூலியும் விடுப்பும் மரியாதையும் உரிமை என்று அந்தப் பெண்களையே பேசவைத்தார். தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. 2011 ஜூனில் ஜெனீவாவில் வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை நிறைவேறியது. நம் நாடு அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. இவ்வளவு நாளாக இதைப் பற்றி நம் சபைகளில் ஒரு பிரசங்கம் கேட்டீர்களா? உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு நாள் லீவு கொடுத்து, படிவம் நிரப்பக் கூடவே உட்காருங்கள். அதுவும் ஊழியம்தான்.

லீவு என்றதும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வருகிறது. ஆராதனை முடிந்து வந்ததும் நம் வீடுகளில் கறிக்குழம்போ பிரியாணியோ மணக்க வேண்டும், உறவுகள் கூட வேண்டும். அது நல்ல வழக்கம், விட வேண்டாம். அத்தனை பாத்திரத்தையும் அன்று விளக்குவது யார்? உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையை மறுபடி வாசியுங்கள். நாம் ஓய்ந்திருப்பதுபோல நம்மிடம் வேலை செய்கிறவர்களும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நாள் கொடுக்கப்பட்டதாக அங்கே எழுதியிருக்கிறது. ஞாயிறு மத்தியானப் பாத்திரத்தை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளக்கினால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம்கூட ஆராதனையின் பகுதிதான் என்று நான் மனதார நம்புகிறேன்.

காபி டம்ளரைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலைக்கு வருகிறவருக்கென்று ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர் இன்னும் சில கிறிஸ்தவ வீடுகளில் இருக்கிறது. திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பங்குபெற்று வந்தவர்கள், வீட்டில் இரண்டு டம்ளர் வைத்திருக்கிறோம். ரூத்தின் புத்தகத்தில் போவாஸ் வயலுக்கு வருகிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அறுக்கிறவர்களுக்குக் கர்த்தருடைய பெயரால் முதலில் வாழ்த்துச் சொல்கிறவன் முதலாளிதான். சாப்பாட்டு வேளையில், பிழைக்க வந்த மோவாபியப் பெண்ணை அழைத்து, அறுப்புக்காரர்களோடு உட்காரவைத்து, வறுத்த கோதுமையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறான். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு மீதியும் வைத்தாள் என்கிறது வேதம்.

சாதி பார்த்து ஆளைப் பிரிக்கிற இந்தக் காயம் நம் சபை வரலாற்றில் ஆழமானது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டு விலகினார்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்தையே சாதி பார்த்து இரண்டு பிரிவாகக் கட்டினார்கள்; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுவிலிருந்த தடுப்பை அகற்றியபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆலயத்துக்குள் ஆளுக்கேற்ற ஆசனம் போடாதீர்கள் என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் தெளிவாக எழுதிய பிறகும் இத்தனையும் நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் பிரிவினை பார்க்கிற ஊர்கள் நமக்குத் தெரியாதவை அல்ல.

அதே தெற்குச் சீமையில் மனதுக்கு இதமான ஒன்றும் நடந்தது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், 1820களில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அதை ஒழிக்கும் அரச அறிவிப்பு 1855இல்தான் வந்தது. அடிமைக் குடும்பத்துப் பெண்களும் லேஸ் பின்னும் திண்டின் முன்னால் உட்கார்ந்து நூல் பின்னினார்கள். பின்னிய வேலைக்குக் கூலி கையில் கிடைத்தது. அதைச் சேர்த்துவைத்து, சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். அடிமைகளைப் பற்றிப் பரிந்து பேசிய பிரசங்கங்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ இருந்திருக்கும். அந்தப் பெண்களை விடுவித்தது, நியாயமாகக் கைக்கு வந்த கூலி.

வீட்டில் கேட்கிற கேள்வியை நம் நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு தவறாமல் மணியடித்து, பாய் விரித்து, கழிவறை கழுவுகிற ஆலயப் பணியாளருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? கிறிஸ்தவர்கள் நடத்துகிற பள்ளிகள் சிலவற்றில் ஆசிரியைகள் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டு வேறொரு தொகையை வாங்குகிறார்கள் என்று நமக்குக் கடிதம் வருகிறது. அந்தப் பள்ளிச் சுவரிலும் வசனம் எழுதியிருக்கிறது. கூலி பிடித்துவைக்கப்பட்ட அறுவடைக்காரர்களின் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறாரே, அது யாருக்கு? நிர்வாகக் குழுவில் இருக்கிற வாசகர்களே, அடுத்த கூட்டத்தில் கட்டட நிதிக்கு முன்னால் சம்பளப் பட்டியலை எடுத்துவைத்துப் பேசுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து நம் இதழில் ஒரு புதிய பகுதி தொடங்குகிறோம். உங்கள் வீட்டில், கடையில், வயலில், சபையில் வேலை செய்கிறவர்களோடு வேதம் சொன்னபடி நடக்க நீங்கள் எடுத்த ஒரு முயற்சியை எழுதி அனுப்புங்கள். சம்பள நாளை மாற்றியதாக இருக்கலாம், ஞாயிறு விடுப்பாக இருக்கலாம், ஒரே டம்ளராக இருக்கலாம். வேலை செய்கிற இடத்திலிருந்து எழுதுகிறவர்களின் கடிதங்களுக்கு முதல் இடம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வோம். பெயரும் ஊரும் வேண்டாமென்றால் வெளியிட மாட்டோம். 20ஆம் தேதிக்குள் கிடைக்கும் கடிதங்கள் அடுத்த இதழில் வரும்.

ஆண்டவரின் அன்பில்,
ஆசிரியர்