சிம்பொனியா, இல்லையா?

இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைவட்டு 2005இல் வெளிவந்த நாள்முதல் இரசிகர்களிடையே ஒரு வழக்கு ஓய்ந்தபாடில்லை. இது சிம்பொனியே அன்று என்பர் ஒரு சாரார். குறை கூறுவோர்க்கு இசை தெரியாது என்பர் மறு சாரார். புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்ததனாலேயே ஒரு படைப்பு சிம்பொனி ஆகிவிடாது. தனிக்குரலும் குழுப்பாடலும் இணைந்த இது ‘ஓரடோரியோ’ என்னும் வடிவத்துக்கே நெருக்கமானது. அவ்வாறு சொல்வது நிந்தனை ஆகாது.

ஆயினும் ஆசிரியர்களாகிய நமக்கு வேறொரு கேள்வியே முதன்மையானது. சிவபுராணம் 95 அடிகள் கொண்டது. இங்குப் பாசிர் கூடாங்கிலும் மாணவர்கள் அதனை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். இவ்விசைவட்டோ அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, ஏறத்தாழ 20 நிமிடம் நின்று நிதானித்துப் பாடுகிறது. இடையே வரும் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள் சிலர் செவிக்கு உறுத்தலாம். தமிழில் தடுமாறும் பிள்ளைக்கு அவையே பொருளுக்கு வழிகாட்டும்.

பெற்றோர்களே, பெயர் எதுவாயினும் ஆகுக. ஒரு மாலைப்பொழுதில் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளையோடு கேளுங்கள். ஓர் அடிக்கேனும் பொருள் கேளுங்கள். அந்த ஓர் அடி விளங்கினால், வட்டு தன் கடமையைச் செய்துவிட்டது.