ஏட்டைக் காப்போம், பிறகு பெருமை பேசுவோம்

"வெள்ளையரும் வியந்து கற்ற இசை நம் இசை" என்னும் பெருமை நம் சங்க மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. பெருமை பொய்யன்று. ஆயினும் அதன் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

சான்றாக ஒருவரைக் காண்போம். ஹென்றி கவெல் 1897-இல் கலிபோர்னியாவில் பிறந்த இசையமைப்பாளர். பியானோவின் கட்டைகளை முன்கையால் அழுத்தியும், உள்ளே கைவிட்டுக் கம்பிகளை மீட்டியும் புத்தொலி கண்டவர். நியூயார்க்கில் 'நியூ ஸ்கூல்' என்னும் கல்விக்கூடத்தில் பல நாட்டு இசைகளைப் பயிற்றுவித்தவர். ஜான் கேஜும் லூ ஹாரிசனும் அவர்தம் மாணாக்கர். 1936 முதல் 1940 வரை சிறையில் இருந்த காலத்திலும் உடனிருந்த கைதிகளுக்கு இசை கற்பித்தார்.

அவர் பெர்லினில் ஆய்வு செய்த நாளில், 1931-ஐ ஒட்டி, நம் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம் கர்நாடக இசையின் இலக்கணத்தைக் கேட்டறிந்தார். 1956-57 ஆசியப் பயணத்தின்போது சென்னைக்கும் வந்தார். தம் 13-ஆம் சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயரிட்டு, ஜலதரங்கத்திற்கும் தபலாவிற்கும் அதில் இடமளித்தார். 1959-இல் அது சென்னையிலேயே அரங்கேறியது.

1965-இல் அவர் மறைந்தார். அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் வகைப்படுத்தி வைக்கப்பட்டுள்ளன. மாணவன் ஒருவன் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

நம் நிலை என்ன? இத்தலைநகரில் நம் குடியிருப்பில் முப்பதாண்டுகள் நம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் காலமானார். தம் குருவிடம் கேட்டுச் சுரப்படுத்திய நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. வீடு காலி செய்த அன்று கபாடிவாலா அவற்றைக் கிலோக் கணக்கில் எடைபோட்டுக் கொண்டுசென்றான். அவனைக் குறைகூற நமக்கு வாயில்லை. அவரிடம் கற்ற பிள்ளைகளின் பெற்றோராகிய நாம், 'பெட்டியில் என்ன இருக்கிறது?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நம் இசை செவிவழிச் செல்வம், அதற்குக் காகிதம் எதற்கு?" என்பர் சிலர். அவ்வாறாயின் சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைச் சுரக்குறிப்புகளுடன் அச்சேற்றியது எதற்கு? சாம்பமூர்த்தி தொகுதி தொகுதியாக நூல் எழுதியது எதற்கு? எழுதிவைப்பது அயல்வழக்கன்று, எழுதியதை எறிவதே நாம் புதிதாய்க் கற்ற வழக்கு.

நம்மில் பலர் அரசு அலுவலகங்களில் கோப்புக் காப்பவர்கள். பத்தாண்டுக்கு முந்தைய பயணப்படிச் சீட்டு காணாமற்போனால் விளக்கம் கேட்கிறோம். ஓர் ஆசிரியரின் வாழ்நாள் உழைப்பு காணாமற்போனதற்கு விளக்கம் கேட்பார் யார்?

பெருந்தொகை வேண்டியதில்லை. நம் சங்க நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரியும், வருவதைப் பதிய ஒரு பதிவேடும் போதும். இவ்வாண்டே அதைத் தொடங்குவோம். அதன்பின் பெருமை பேசுவோம். அப்போது அது நமக்குப் பொருந்தும்.